அகலப் பேரேட்டிலிருந்து நாள்வழிக்கு: காசிமேட்டு ஐஸ் கடை ஒன்றின் கணக்கு

2025 ஜனவரிக் கடைசியில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் ஐஸ் சப்ளை செய்யும் ஒரு கடையிலிருந்து எனக்குப் போன் வந்தது. நான் தண்டையார்பேட்டைக்காரன். சின்ன வியாபாரிகளுக்கு எக்செல் கணக்கு சரிசெய்து கொடுப்பது என் தொழில். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "தம்பி, தடை வர்றதுக்குள்ள எந்த போட்டு எவ்ளோ பாக்கின்னு எனக்கு ஒரே பேப்பர்ல வேணும். கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு. ஆனா கேட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது." போட்டு என்று அவர் சொல்வது படகை.

எல்லாம் இருந்தும் கேட்டால் வராததற்குக் காரணம் அட்டவணையின் வடிவம். அதை எப்படித் திருப்பினோம், எங்கெல்லாம் தடுக்கியது, திருப்பியபின் என்னென்ன தெரியவந்தது என்பதை முழுமையாக எழுதுகிறேன். இதே மாதிரி ஷீட்டை வைத்துக்கொண்டு திண்டாடுகிற பலரை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் அவருடைய அவசரத்தைச் சொல்லவேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் ஆண்டுதோறும் வரும் தடை. படகு போகாவிட்டால் ஐஸ் வியாபாரமும் கிடையாது, பழைய பாக்கியும் வராது. வருமானமே இல்லாத வீட்டில் போய் யார் பாக்கி கேட்பது? ஆகவே ஏப்ரல் 14-க்குள் வசூலானதுதான் வசூல். இதுதவிர இன்னும் இரண்டு கேள்விகள் அவரிடம் இருந்தன. எந்தக் கிழமைகளில் ஐஸ் பார், அதாவது ஐஸ் கட்டி, பற்றாக்குறை வருகிறது? நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்த போட்டுகளில் எவை சத்தமில்லாமல் நின்றுவிட்டன?

கடையின் ஷீட்

2024-ஆம் ஆண்டுக்கு ஒரே எக்செல் கோப்பு. மாதத்துக்கு ஒரு ஷீட்டாகப் பன்னிரண்டு. ஒவ்வொரு ஷீட்டிலும் இடப்பக்கம் வரிசை எண், போட்டின் பெயர், பழைய பாக்கி. அதற்குப் பிறகு 1 முதல் 31 வரை தேதிகள். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் இரண்டு நிரல்கள்: பார், வரவு. எத்தனை ஐஸ் பார் ஏற்றினார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று அர்த்தம். தேதி எழுதிய கட்டம் இந்த இரண்டு நிரல்களையும் ஒன்றாகச் சேர்த்து நடுவில் நின்றது. வலக்கோடியில் மொத்த பார், மொத்த வரவு. அடியில் மொத்தத்துக்கு ஒரு வரி.

கணக்கு எழுதும் அக்கா இதைப் பல வருடமாகப் பராமரிக்கிறார். தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு போட்டின் வரியில் விரல் வைத்து இடமிருந்து வலமாகப் போனால் அந்த மாதம் அது எத்தனை முறை தொழிலுக்குப் போனது என்பது கண்ணுக்குத் தெரியும். மாதத்துக்கு ஏறக்குறைய 40 போட்டுகள். 40 வரி, 62 நிரல், 12 மாதம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 30 ஆயிரம் கட்டங்கள். போட்டுகள் ஒருமுறை கிளம்பினால் பல நாள் கழித்துத்தான் கரை சேரும் என்பதால் பெரும்பாலான கட்டங்கள் காலி.

இப்போது அந்த ஷீட்டிடம் "வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பார் போனது?" என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஷீட்டிலும் ஞாயிறு எந்த நிரலில் விழுகிறது என்று காலண்டரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டவேண்டும். எக்செலுக்குத் தேதியே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் "7" என்று தலைப்புள்ள ஒரு நிரல். தேதி ஒரு தகவல். எண்ணிக்கையைப் போலவே வரிக்குள் இருக்கவேண்டிய ஒன்று. அது தலைப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அதை வடிகட்டவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது, கிழமையாக மாற்றவும் முடியாது. மாதத்தின் கதி இன்னும் மோசம், அது ஷீட்டின் பெயருக்குப் போய்விட்டது. வருடமோ கோப்பின் பெயரில்தான் இருந்தது.

நாள்வழியும் பேரேடும்

முதலாளிக்கு 'அன்பிவட்' என்றால் புரியவில்லை. 'நாள்வழி' என்றதும் புரிந்துகொண்டார். நம் ஊர்க் கணக்கு முறையில் நடந்தது நடந்தபடி, தேதி வாரியாக, ஒரு நடப்புக்கு ஒரு வரி என்று எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. நாள்வழி இருந்தால் எந்தப் பேரேட்டையும் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பேரேடு மட்டும் இருந்தால் நாள்வழியை மீட்பது பெரும்பாடு. கடையின் எக்செல் கோப்பு, நாள்வழியைத் தாண்டி நேராகப் பேரேட்டில் எழுதிய கணக்கு. சிட்டைப் புத்தகம் என்று ஒன்று தனியாக இருந்தது. இரவில் பார் ஏற்றும் பையன் பென்சிலால் எழுதுவது. கணினிக்குள் அது ஏறவே இல்லை.

ஆகவே செய்யவேண்டிய வேலை இதுதான்: அகலமாக விரிந்துகிடக்கும் நிரல்களை மடக்கி, ஒரு நடப்புக்கு ஒரு வரியாக நீளமாக்குவது. இதுதான் அன்பிவட். நீளமாக்கியதிலிருந்து தேவையான கோணத்தில் மறுபடி அகலமாக்கிப் பார்ப்பது பிவட். 2014-இல் புள்ளியியலாளர் ஹாட்லி விக்கம் இதை மூன்று விதியாக எழுதினார்: ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு நடப்புக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு தனி அட்டவணை. மூன்றாவது விதியை நான் பாதியில் மறந்து அவதிப்பட்டேன், அது பின்னால் வரும். ஆர் என்ற கணினி மொழியில் இந்த வேலைக்குப் 'பிவட் லாங்கர்', 'பிவட் வைடர்' என்ற கட்டளைகள், பைத்தான் மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் 'மெல்ட்', 'பிவட்' என்பவை. கருவிக்குக் கருவி பெயர் வேறு, வேலை ஒன்றே.

எக்செலின் அமைப்பே இதற்குத் தோதானது என்பதையும் அவருக்குக் காட்டினேன். 2003 வரையிலான எக்செலில் 256 நிரல்கள்தான் உண்டு. 2007-இல் அது 16,384 ஆனது. வரிகளோ 10,48,576. கீழ்நோக்கி வளரத்தான் அந்தத் தாள் வாகாக இருக்கிறது.

முதல் முயற்சி: நாலு மடங்கு

கடைக் கணினியில் எக்செல் 2016 இருந்தது. அட்டவணைகளைத் திருப்பி ஒழுங்குபடுத்தும் பவர் குவெரி என்ற எக்செல் கருவி 2010, 2013 பதிப்புகளில் தனியாக நிறுவவேண்டியதாக இருந்தது. 2016-இலிருந்து 'டேட்டா' தாவலிலேயே சேர்ந்துவிட்டது. அதற்கும் முந்தைய எக்செலில் ஆல்ட், டி, பி என்று வரிசையாகத் தட்டிப் பழைய பிவட் டேபிள் வழிகாட்டியைத் திறந்து, பல பகுதிகளை ஒன்றுசேர்க்கும் வழியைத் தேர்ந்து, கடைசியில் வரும் பெருந்தொகைமேல் இரட்டைக் கிளிக் செய்து நீளப் பட்டியலை வரவழைப்போம். அது இன்றும் வேலை செய்கிறது. ஆனால் இடப்பக்கம் ஒரே ஒரு அடையாள நிரல் இருந்தால்தான் ஒழுங்காக வரும். இங்கே மூன்று இருந்தன.

ஜனவரி ஷீட்டை மட்டும் எடுத்துச் சோதித்தேன். இடப்பக்க நிரல்களைத் தேர்ந்தெடுத்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தேன். மற்ற எல்லா நிரல்களும் மடங்கி, 'ஆட்ரிபியூட்' (பழைய தலைப்பு), 'வேல்யூ' (மதிப்பு) என்று இரண்டே நிரல்களாயின. பார் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்த்தால், அக்காவின் மாத மொத்தத்தைப்போல நாலு மடங்கு. கொஞ்சம் கூடவோ குறையவோ இல்லை, சரியாக நாலு.

அந்தச் 'சரியாக'தான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே இருக்கும் எண்கள் ஒரு முறை. வலக்கோடி மொத்தம் இன்னொரு முறை. அடி மொத்த வரி மூன்றாவது முறை. அந்த வரியும் நிரலும் சந்திக்கும் மூலைக் கட்டம் நான்காவது முறை. மொத்தங்களும் சாதா எண்களோடு எண்களாக நாள்வழிக்குள் நுழைந்துவிட்டன. மடக்குவதற்கு முன்பே மொத்த நிரலையும் மொத்த வரியையும் வடிகட்டி வெளியே தள்ளவேண்டும். இதை ஒரு சோதனையாகவே எல்லோருக்கும் சொல்வேன்: அன்பிவட் செய்தபின் கூட்டுத்தொகை இரண்டு மடங்கு வந்தால் ஒரு பக்கத்து மொத்தம் உள்ளே இருக்கிறது, நாலு மடங்கு வந்தால் இரண்டு பக்கமும்.

அந்தக் கட்டளையில் மூன்று வகை இருப்பதையும் கவனிக்கவேண்டும். 'அன்பிவட் காலம்ஸ்', 'அன்பிவட் அதர் காலம்ஸ்' இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன: எவற்றை மடக்கக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்குப் புது நிரல் வந்தால் அதுவும் மடங்கும். 'அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ்' மட்டும்தான் நீங்கள் காட்டிய நிரல்களை மட்டும் மடக்கும். தேதி நிரல்கள் வளர்ந்துகொண்டே போகும் ஷீட்டுக்கு முதல் இரண்டு வகை நல்லது. யாராவது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு நிரல் சேர்த்துவிடுகிற பழக்கம் உள்ள இடத்தில் மூன்றாவது நல்லது.

இரண்டடுக்குத் தலைப்பு

உண்மையான சிக்கல் தலைப்புதான். தேதி மேல் வரியில், 'பார்', 'வரவு' அடுத்த வரியில். சேர்த்துவைத்த கட்டத்தில் தேதி இடப்பக்க நிரலுக்கு மட்டும்தான் சொந்தம், வலப்பக்கம் வெறுமை. எக்செல் கண்ணுக்கு நடுவில் காட்டுகிறது, உள்ளே அப்படி இல்லை.

இதற்கு வழி, அட்டவணையை முதலில் பக்கவாட்டில் கவிழ்ப்பது. பவர் குவெரி தானாகவே முதல் வரியைத் தலைப்பாக்கி, நிரல்களுக்கு வகையும் குறித்துவிடும். அந்த இரண்டு படிகளையும் அழித்துவிட வேண்டும். தலைப்புகள் வெறும் தகவலாகவே இருக்கட்டும். பிறகு 'டிரான்ஸ்போஸ்'. வரி நிரலாகி, நிரல் வரியாகிறது. இப்போது தேதிகள் முதல் நிரலில் 1, வெறுமை, 2, வெறுமை என்று மேலிருந்து கீழாக நிற்கும். 'ஃபில் டவுன்' கொடுத்தால் ஒவ்வொரு வெறுமையும் தனக்கு மேலுள்ள தேதியை வாங்கிக்கொள்ளும். மொத்தம் என்று வரும் இரண்டு வரிகளை இங்கேயே வடிகட்டிவிட்டேன். முதல் நிரலையும் இரண்டாவது நிரலையும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு ஒட்டினால் '1|பார்', '1|வரவு', '2|பார்' என்று ஆகும். மறுபடி டிரான்ஸ்போஸ். முதல் வரியைத் தலைப்பாக்கு. அப்புறம் அன்பிவட்.

இப்போது ஒவ்வொரு எண்ணும் தனி வரி. ஆட்ரிபியூட் நிரலை அந்தக் கோட்டில் உடைத்தால் நாள் ஒன்று, வகை ஒன்று. வகை நிரலில் 'பார்' அல்லது 'வரவு'. ஒரே போட்டு ஒரே நாள் வாங்கியதும் கொடுத்ததும் இரண்டு வரிகளாகக் கிடந்தன. அவை ஒரே நடப்பின் இரண்டு முகங்கள், ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவேண்டியவை. அதற்குத்தான் பிவட். வகை நிரலைத் தேர்ந்து, 'பிவட் காலம்', மதிப்பு நிரல் 'வேல்யூ', மேம்பட்ட அமைப்பில் 'டோன்ட் அக்ரிகேட்' (ஒன்றுசேர்க்காதே). முழுதாக மடக்கி, பாதி விரிப்பது. இரண்டடுக்குத் தலைப்புள்ள எந்த அட்டவணைக்கும் இந்த வழிதான்.

விரித்தவுடன் சில கட்டங்களில் பிழை என்று வந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்புதான் வரலாம், இங்கே ஒன்றுக்கு மேல் வருகிறது என்பது அந்தப் பிழையின் சாரம். அந்த இடத்தில் பலரும் 'டோன்ட் அக்ரிகேட்'டை 'சம்' (கூட்டு) என்று மாற்றிவிடுவார்கள், பிழை மறைந்துவிடும். நான் மாற்றவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"ஒரே நாள்ல ரெண்டு வாட்டி ஏத்துவாங்க தம்பி. மொத வாட்டி கம்மியா ஏத்திட்டு, டீசல் போட்டு வந்து மறுபடியும் கேப்பாங்க. அதே கட்டத்துல எழுதுனா குழம்பும்னு கீழ புது வரி போட்டு எழுதிடுவேன்."

அதாவது ஒரே போட்டின் பெயர் ஒரே ஷீட்டில் இரண்டு வரிகளில். இரண்டையும் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளம் இடக்கோடியில் இருந்த வரிசை எண். அதை நான் 'வேண்டாத நிரல்' என்று முதல் படியிலேயே நீக்கியிருந்தேன். திரும்பச் சேர்த்தேன், பிழைகள் போயின, இரண்டு ஏற்றமும் தனித்தனியாக நின்றன. 'சம்' கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை சரியாகத்தான் வந்திருக்கும். ஆனால் எத்தனை தடவை ஏற்றினார்கள் என்பது காணாமல் போயிருக்கும். வண்டியும் ஆளும் எத்தனை நடை நடந்தார்கள் என்பதும் அந்தக் கடைக்குச் செலவுதான்.

காலி, சைபர், கோடு

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டதும், அதிகம் கற்றதும் இந்த இடத்தில்தான்.

பவர் குவெரியில் அன்பிவட் செய்யும்போது காலிக் கட்டங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். சைபர் உதிராது. பயிற்சி எடுத்தவர்கள் பலர் "காலி உதிர்ந்தால் தகவல் போய்விடும், முதலில் எல்லாக் காலியையும் சைபராக மாற்று" என்று சொல்வார்கள். வருகைப் பதிவு மாதிரியான அட்டவணைக்கு அது சரி. நானும் இங்கே அதைச் செய்யத்தான் கை வைத்தேன். ஆனால் ஷீட்டில் ஏற்கெனவே அங்கங்கே சைபர்கள் கண்ணில் பட்டன. சில கட்டங்களில் சின்னக் கோடு. ஆயிரக்கணக்கான கட்டங்களைக் காலியாக விட்ட கை, ஏன் சில இடங்களில் மட்டும் மெனக்கெட்டு சைபர் போட்டது?

அக்கா சொன்னார்: "காலியா இருந்தா போட்டு வரல, கடல்ல இருக்கு. கோடு போட்டா கரையில நிக்குது, எஞ்சின் வேலையோ வலை வேலையோ ஏதோ ஒண்ணு. சைபர் போட்டா வந்து கேட்டாங்க, நம்மகிட்ட பார் இல்ல, திருப்பி அனுப்புனேன்னு அர்த்தம்."

அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. முதலாளிக்கே தெரியாது. அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை, அந்தச் சைபர்களாக வருடம் முழுவதும் ஷீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மொத்தம் 63 சைபர்கள். நான் காலியை எல்லாம் சைபராக்கியிருந்தால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்ச் சைபர்களுக்கு நடுவில் இந்த 63-ம் கரைந்துபோயிருக்கும். பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

காலியை உதிரவிட்டேன். 'நிலை' என்று ஒரு புது நிரல் சேர்த்தேன். கோடு இருந்தால் 'கரையில்', சைபர் இருந்தால் 'திருப்பினோம்', மற்றதெல்லாம் 'கொடுத்தோம்'. அதன்பிறகுதான் பார் நிரலை எண் வகையாக மாற்றினேன். முன்பே மாற்றியிருந்தால் கோடுகள் எல்லாம் பிழையாகி, பிழையை நீக்கும் படியில் தொலைந்திருக்கும்.

ஜூன் 31

ஒரு ஷீட்டுக்குச் சரியாக வந்த படிகளை ஒரு செயல்கூறாக (ஃபங்ஷன்) மாற்றிப் பன்னிரண்டுக்கும் ஓட்டினேன். ஷீட்டின் பெயர் கூடவே ஒரு நிரலாக வரும்படி வைத்தால் மாதம் கிடைத்துவிடும். 'ஜன', 'பிப்', 'மார்ச்', 'ஏப்' என்று பெயர்கள் ஒழுங்கில்லாமல் இருந்ததால் எந்தப் பெயருக்கு எந்த மாத எண் என்று சின்னப் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. நாள், மாதம், 2024 மூன்றையும் சேர்த்துத் தேதியாக்கினேன். தலைப்பில் முழுத் தேதி இருக்கும் ஷீட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தேதி தலைப்பாகும்போது வெறும் எழுத்தாகிவிடும். அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் மார்ச் 4, ஏப்ரல் 3 ஆகிவிடக்கூடும்.

தேதியாக்கியதும் ஒரு வரி பிழை காட்டியது: ஜூன் 31, 12 பார். எல்லா மாத ஷீட்டும் ஒரே அச்சிலிருந்து நகல் எடுத்தவை என்பதால் ஜூனுக்கும் 31 என்ற நிரல் இருந்தது. சிட்டையைப் புரட்டினோம். அது ஜூலை 1, விடியற்காலை இரண்டு மணி ஏற்றம். அக்காவுக்கு அது இன்னும் ஜூன் 30 இரவின் தொடர்ச்சி. அடுத்த ஷீட்டைத் திறக்காமல் அடுத்த கட்டத்தில் எழுதிவிட்டார். துறைமுகத்தில் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. அகல ஷீட்டில் அந்த 12 பார் ஏழு மாதம் யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தது. தேதி என்ற நிரல் வந்தவுடன், இல்லாத தேதி தானாக எழுந்து நின்றது.

தடைக் காலத்துக்குள்ளும் வரிகள் இருந்தன. முதலில் பிழை என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அவை பாரம்பரியப் படகுக் கணக்கில் சேரும், அவற்றுக்குத் தடை கிடையாது. மீதி, ஜூன் 13, 14 தேதிகளில் விசைப்படகுகள். 14 நள்ளிரவு தாண்டியதும் கிளம்புவதற்காக முன்கூட்டியே ஏற்றிவைத்தவை. எல்லாம் சரியான கணக்கு. தரவைத் துப்புரவு செய்கிறேன் என்று அந்த வரிகளை நான் நீக்கியிருந்தால் அது பெரிய தவறாகியிருக்கும்.

இரண்டு 'பொன்னி'

நீளப் பட்டியலில் போட்டுவாரியாகக் கூட்டினால் 'பொன்னி' என்ற போட்டு இரண்டு தடவை வந்தது. ஓர வெற்றிடம் இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை, பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றே. நீளம் அளக்கும் சூத்திரத்தைப் போட்டேன். ஒன்று 6, இன்னொன்று 7.

காரணம் ஒகரக் குறி. யூனிகோடில் 'பொ' என்பதை 'ப'வுடன் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒரே உருவம், உள்ளே வேறு வேறு. கடையின் பழைய பெயர்ப் பட்டியல் ஒரு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. அதில்தான் இரண்டு துண்டுக் குறி. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பவர் குவெரி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி, அதற்கு இவை இரண்டு போட்டுகள். கொம்பும் காலும் தனித்தனியாக வரும் இடங்களை ஒற்றைக் குறியால் மாற்றும் படி ஒன்றைச் சேர்த்ததும் ஒன்றாகிவிட்டன. தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் எவரும் மடக்குவதற்கு முன் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆங்கிலப் பாடங்களில் இது வராது.

பழைய பாக்கி

மூன்றாவது விதியை மறந்தேன் என்றேனே, அது இங்கே. 'பழைய பாக்கி' நிரலை மடக்காமல் இடப்பக்கம் நிறுத்தியிருந்ததால், ஒரு போட்டு மாதத்தில் ஆறு முறை வந்தால் அந்தப் பாக்கி ஆறு வரியிலும் திரும்பத் திரும்ப வந்து நின்றது. கூட்டினால் பாக்கி ஆறு மடங்கு. இந்தத் தொகையோடு யாரிடமாவது வசூலுக்குப் போயிருந்தால் சண்டைதான்.

பாக்கி என்பது மாதத்துக்கு ஒருமுறை சொல்லும் செய்தி. ஏற்றம் என்பது நடக்கும்போதெல்லாம் சொல்லும் செய்தி. இரண்டும் ஒரே அட்டவணையில் இருக்கக் கூடாது. 2024 ஜனவரித் தொடக்கப் பாக்கியை மட்டும் போட்டுக்கு ஒரு வரியாகத் தனி அட்டவணையில் எடுத்தேன். மற்ற மாதப் பாக்கிகள் எல்லாம் கணக்கிட்டு வரவேண்டியவை, அவை மூலத் தகவல் அல்ல. பாரின் விலையும் தனி அட்டவணை: எந்தத் தேதியிலிருந்து என்ன விலை என்று. தேதி நிரல் கையில் இருப்பதால் விலையைப் பொருத்துவது சில நிமிட வேலை.

அக்காவின் மாத மொத்தங்களோடு போட்டுவாரியாக ஒப்பிட்டேன். மார்ச்சில் மட்டும் ஒரு போட்டுக்கு 8 பார் வித்தியாசம். கீழே புதிதாகச் சேர்த்த வரிக்கு மொத்தச் சூத்திரத்தை இழுக்காமல் விட்டதே காரணம். பாக்கி கேட்கப்படாமலே போன 8 பார்.

கிடைத்த விடைகள்

நாள்வழி இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளில் முடிந்தது. மேலே ஒரு பிவட் டேபிள் போட்டதும் முதலாளி கேட்ட ஒரே பேப்பர் வந்துவிட்டது. போட்டு, தொடக்கப் பாக்கி, வாங்கியது, கொடுத்தது, மீதி.

'திருப்பினோம்' வரிகளைக் கிழமைவாரியாக விரித்தபோது 63-இல் 37 ஞாயிறும் திங்களும். ஞாயிறு மீன் வியாபாரம் முடிந்ததும் போட்டுகள் அடுத்த பயணத்துக்கு ஏற்ற வருகின்றன. நம்மவர் சனிக்கிழமை கணக்கில் பார் வரவழைத்துக்கொண்டிருந்தார். அந்த 63-இல் 9, ஜூன் 14 முதல் 16 வரை, தடை முடிந்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்பிய மூன்று நாளில். மூன்றாவது கேள்விக்குப் போட்டுவாரியாகக் கடைசித் தேதியை எடுத்தாலே போதுமாக இருந்தது. ஐந்து போட்டுகள் அக்டோபருக்குப் பிறகு வரவில்லை. அவற்றில் மூன்றுக்கு, கடைசியாக வந்த மாதத்திலேயே ஒரு 'திருப்பினோம்' இருந்தது. முதலாளி அந்தப் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் அந்த மூன்று போட்டுக்காரர்களையும் பார்க்கப் போனார்.

இப்போதைய ஏற்பாடு

பிப்ரவரியிலிருந்து கூகுள் ஷீட்ஸில் நாள்வழியாகவே எழுதுகிறார்கள். பார் ஏற்றும் பையன் போனிலேயே பதிகிறான்: தேதி, நேரம், போட்டு, பார், வரவு, நிலை. போட்டின் பெயரைத் தட்டச்சு செய்ய விடுவதில்லை, பட்டியலிலிருந்து தேர்வுதான். கூகுள் ஷீட்ஸில் அன்பிவட்டுக்குப் பொத்தான் இல்லை. தேவைப்பட்டால் போட்டு, தேதி, எண் மூன்றையும் ஒட்டி, 'ஃப்ளாட்டன்' கொண்டு ஒரே நிரலாக்கி, 'ஸ்பிளிட்' கொண்டு உடைக்கவேண்டும். ஆனால் நாள்வழியிலேயே எழுதுவதால் அந்தத் தேவை இல்லை. அகலமாக்கிப் பார்க்க 'குவெரி' சூத்திரத்தில் பிவட் என்ற சொல்லே இருக்கிறது. 'நிலை'யைத் தனி நிரலாக்கியதற்கு இங்கே இன்னொரு பயன் உண்டு. ஒரு நிரலில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் குவெரி எது அதிகமோ அந்த வகையை வைத்துக்கொண்டு மற்றதைக் காலியாக்கிவிடும். பார் நிரலிலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கோடுகள் ஓசையின்றிப் போயிருக்கும்.

அக்காவுக்கு அகல ஷீட் வேண்டும். இத்தனை வருடம் பார்த்துப் பழகிய கண். அதில் ஒரு போட்டு வராமல் இருப்பதை அவர் எங்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகிறார். அதனால் ஒவ்வொரு மாதமும் நாள்வழியிலிருந்து பழைய வடிவிலேயே விரித்து அச்செடுத்து அவர் மேசைக்கு மேலே ஒட்டுகிறோம். போட்டு கரையில் நிற்பது தெரிந்தால் அதில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, "நிலையில போடு" என்கிறார்.